குருதியில் எவ்வளவு மயக்கம்?

அறுவை சிகிச்சையின்போது நோயாளிக்கு வலி தெரியாமலிருக்கக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒருவகை ஊசி மூலம் செல்கிறது. மற்றொரு வகை மூச்சு வழியே செல்கிறது. ஊசி மருந்தில் அளவு பற்றிய ஐயம் குறைவு. இத்தனை மில்லிகிராம் என்று எடுத்துச் செலுத்திவிட்டால் அவ்வளவும் உடலுக்குள் இருக்கிறது. மூச்சு வழியே செல்லும் ஆவியின் கதை வேறு. உள்ளிழுத்த ஆவியில் ஒரு பகுதி குருதியில் கரைகிறது. மறு பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியே வந்துவிடுகிறது. குப்பியிலிருந்து எவ்வளவு மருந்து குறைந்தது என்பதை எளிதில் அளந்துவிடலாம். நோயாளியின் குருதியில் இந்த நொடியில் எவ்வளவு இருக்கிறது? இக்கேள்விக்குத் தெளிவான விடை காண ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறாண்டுக் கதையின் நடுவே, நம் நாட்டின் ஐதராபாத் நகரில் நடந்த பெரும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது.

எடின்பரோ நகரில் சிம்ப்சன் என்னும் மருத்துவர் 1847 நவம்பரில் குளோரோபார்மைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஈதரைவிட விரைவாக மயக்கமுறச் செய்தது; தீப்பற்றும் அச்சமும் இல்லை. சில மாதங்களுக்குள் உலகெங்கும் பரவியது. ஆனால் 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால் விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகம் எடுக்க வந்த பெண் உயிரோடு திரும்பவில்லை என்ற செய்தி மருத்துவ உலகை உலுக்கியது. அதன்பின் அவ்வப்போது இத்தகைய சாவுகள் நிகழ்ந்துகொண்டே இருந்தன. பெரும்பாலோர் நலமாக எழுந்தார்கள். யாரோ ஒருவர் எழவில்லை. ஏன்?

மருத்துவர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். மூச்சுதான் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்றது எடின்பரோ அணி. இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும், நாடியின்மேல் விரல் இருந்தே ஆகவேண்டும் என்றது லண்டன் அணி.

ஸ்நோவின் கண்ணாடி ஜாடி

இந்தச் சண்டையில் சிக்காமல் அளந்து பார்க்க முனைந்தவர் ஜான் ஸ்நோ. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஒரு தெருக்குழாயின் தண்ணீரே அதற்குக் காரணம் என்று காட்டிய அதே ஸ்நோதான். விக்டோரியா அரசிக்கு 1853-இல் பிரசவத்தின்போது குளோரோபார்ம் கொடுத்தவரும் அவரே.

குருதியில் கரைந்துள்ள குளோரோபார்மை நேரடியாக எடைபோட அவரிடம் கருவி இல்லை. ஆனால் இயற்பியல் இருந்தது. பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றில் சிறு பிராணியை வைத்தார். ஜாடியின் கொள்ளளவு தெரியும். உள்ளே விட்ட குளோரோபார்மின் எடையும் தெரியும். பிராணி மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும்போது, ஒரு கட்டத்தில் காற்றிலுள்ள ஆவியும் குருதியிலுள்ள மருந்தும் சமநிலை அடைகின்றன. அதன்பின் எவ்வளவு நேரம் கடந்தாலும் மயக்கம் கூடுவதில்லை. அந்நிலையில், காற்று எத்தனை பங்கு தெவிட்டியிருக்கிறதோ, குருதியும் அத்தனை பங்குதான் தெவிட்டியிருக்க முடியும். மாணவர்கள் படிக்கும் ஹென்றி விதியின் நேரடிப் பயன் இது. "இந்த விதியால் என்ன பயன், சார்?" என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டும் இதுதான்.

நினைவு மங்கும் இரண்டாம் நிலைக்குக் குருதி 56-இல் ஒரு பங்கு தெவிட்டினால் போதும்; ஆழ்ந்த மயக்கமாகிய நான்காம் நிலைக்கு 28-இல் ஒரு பங்கு வேண்டும். இவை ஸ்நோ கண்ட எண்கள். இவற்றோடு நிற்காமல், குருதி நீரில் குளோரோபார்ம் அதிக அளவாக 288-இல் ஒரு பங்கு கரைகிறது என்றும், மனித உடலில் 30 பவுண்டு குருதி இருக்கிறது என்றும் கொண்டு, மொத்த மருந்தையும் கணக்கிட்டார். இரண்டாம் நிலைக்கு 12 மினிம், நான்காம் நிலைக்கு 24 மினிம், 36 மினிம் ஆனால் சாவு. மினிம் என்பது அக்கால ஆங்கில மருந்தளவை, சுமார் 0.06 கன செ.மீ. அதாவது, உடலின் குருதி முழுவதிலும் கலந்துள்ள முக்கால் கன செ.மீ. குளோரோபார்ம் நினைவை மங்கச் செய்கிறது. அதைப் போல் மும்மடங்கு ஆளையே கொன்றுவிடுகிறது. இந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதைப் பாருங்கள்!

இன்றைய அறிவைக்கொண்டு இவ்வெண்களைச் சரிபார்ப்பது சுவையானது. மனித உடலில் குருதி 30 பவுண்டு இல்லை, அதில் பாதிக்கும் குறைவு. குருதியில் சிவப்பணுக்களும் கொழுப்பும் புரதமும் இருப்பதால், ஸ்நோ எண்ணியதைவிடக் குளோரோபார்ம் அதில் மிகுதியாகவே கரைகிறது. ஆக 12 மினிம் என்பது நம்பத்தக்கதல்ல. ஆனால் 56-இல் ஒரு பங்கு? உடல் வெப்பநிலையாகிய 37 டிகிரியில் குளோரோபார்மின் தெவிட்டிய ஆவியழுத்தம் சுமார் 320 மி.மீ. பாதரசம். இதை 56-ஆல் வகுத்தால் 5.7 மி.மீ.; காற்றழுத்தமாகிய 760 மி.மீ.-இல் இது 0.75 சதவீதம். இருபதாம் நூற்றாண்டில் நவீனக் கருவிகளால் நாய்களில் அளந்து கண்ட குளோரோபார்மின் மயக்கச் செறிவு 0.77 சதவீதம்! மெழுகுவத்திக் காலத்து ஜாடியும் தராசும் இவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன. எடையில் தவறிய ஸ்நோ அழுத்தத்தில் தவறவில்லை. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஸ்நோ 1858-இல் நாற்பத்தைந்து வயதிலேயே காலமானார். அவருடைய எண்களை மருத்துவ உலகம் ஏறக்குறைய மறந்தது. மருத்துவர்கள் கைக்குட்டையில் சில துளிகளைத் தெளித்து மூக்கருகே பிடிக்கும் பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்கள்.

ஐதராபாத் ஆராய்ச்சி

ஐதராபாத்தில் ரெசிடென்சி சர்ஜனாகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்த எட்வர்டு லாரி, எடின்பரோவில் பயின்றவர். பல்லாயிரம் நோயாளிகளுக்குக் குளோரோபார்ம் கொடுத்தும் சாவு நேரவில்லை என்பது அவர் கூற்று. மூச்சை மட்டும் கவனியுங்கள், நாடியைத் தொடாதீர்கள் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார். இதை மெய்ப்பிக்க 1888-இல் நாய்களின்மீது சோதனைகள் செய்தார். மூச்சு நின்ற பின்னரே இதயம் நின்றது என்றது அந்த முதல் ஆராய்ச்சிக் குழுவின் முடிவு.

லண்டனில் 'லான்செட்' இதழ் இதை ஏற்கத் தயங்கியது. அப்போது நிஜாம் மகபூப் அலிகான் ஆயிரம் பவுண்டு தந்து, உங்கள் தரப்பு அறிஞர் ஒருவரையே அனுப்பிச் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள் என்றார். ஒரு சுதேச சமஸ்தானத்தின் அரசர், ஐரோப்பாவின் மருத்துவ விவாதத்துக்குத் தீர்ப்புக் கூற ஐதராபாத்துக்கு வாருங்கள் என்று அழைத்த நிகழ்ச்சி இது. புகழ்பெற்ற மருந்தியலறிஞர் லாடர் பிரண்டன் 1889-இல் கப்பலேறினார். வரும்போது அவருடைய கருத்து லாரிக்கு எதிரானது. ஆண்டு முடியுமுன் லண்டனுக்கு அவர் அடித்த தந்தி எல்லாரையும் திகைக்க வைத்தது. நாய், குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் என 490 பிராணிகளில் சோதித்தாயிற்று. ஆபத்து மூச்சுத் திணறலாலும் அளவு மிஞ்சுவதாலுமே வருகிறது. இதயத்தை மருந்து நேரடியாகத் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். விரிவான அறிக்கை 1890-இல் லான்செட்டில் வெளிவந்தது.

இதே பள்ளியில் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி, மயக்க மருந்து கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டு ஐதராபாத்தில் பணியாற்றினார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராக அவர் இன்று போற்றப்படுகிறார்.

சோதனைகளின் எண்ணிக்கையில் குறையில்லை. இரத்த அழுத்தத்தை ஓடும் தாளில் கோடாக வரையும் கருவி இருந்தது. மூச்சின் போக்கையும் நேரத்தையும் குறித்தார்கள். அளவு மிஞ்சுவதுதான் ஆபத்து என்ற முடிவும் வெளிவந்தது. ஆனால் 'அளவு' எவ்வளவு? மருந்தைத் துணியிலோ தொப்பியிலோ ஊற்றி மூக்கின்மேல் பிடித்தார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்பது தெரியும். அதில் எவ்வளவு காற்றோடு போயிற்று, எவ்வளவு நுரையீரலை எட்டிற்று, எவ்வளவு குருதியில் ஏறிற்று என்பது தெரியாது. வரைபடத்தில் செங்குத்து அச்சை நுணுக்கமாகக் குறித்துவிட்டு, கிடை அச்சை வெறுமையாக விட்டதற்கு ஒப்பானது இது. மின்னோட்டத்தை ஐந்நூறு முறை அளந்து, மின்னழுத்தத்தை ஒருமுறையும் அளக்காமல் ஓம் விதியைப் பற்றி வாதிடுபவனை என்ன சொல்வோம்? பிரான்சில் பால் பெர், காற்றில் இத்தனை கிராம் குளோரோபார்ம் என்று அளந்து கலந்த கலவைகளைக்கொண்டு 1880-களிலேயே சோதனை செய்திருந்தார் என்பதை நினைத்தால், ஐதராபாத்தின் குறை மேலும் உறுத்துகிறது.

குறையைக் காட்டியதும் ஐதராபாத்தின் தொடர்ச்சிதான். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காஸ்கெல், ஷோர் இருவரும் 1893-இல் ஒரு பிராணியின் மூளைக்கு வேறொரு பிராணியின் குருதி செல்லுமாறு நாளங்களை இணைத்துப் பார்த்தனர். குளோரோபார்ம் கலந்த குருதி மூளைக்கு மட்டும் சென்றபோது இரத்த அழுத்தம் வீழவில்லை. இதயத்துக்குச் சென்றபோது வீழ்ந்தது. ஆக, மருந்து இதயத்தையும் நேரடியாகவே தாக்குகிறது. லாரி கடைசிவரை இதை ஏற்கவில்லை.

வெள்ளி நைட்ரேட்டின் சாட்சி

குருதியிலிருந்தே மருந்தை எடுத்து அளக்கும் வழி என்ன? மேல்நிலைப் பள்ளி வேதியியல் சோதனைச்சாலையில் குளோரைடுக்குச் செய்யும் சோதனையை நினைவுகூருங்கள். வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு வரும். குளோரோபார்மில் குளோரின் இருந்தும் இந்தச் சோதனைக்கு அது நேராக இணங்காது. குளோரின் அணுக்கள் கார்பனோடு இறுகப் பிணைந்துள்ளன. முதலில் அவற்றை விடுவிக்க வேண்டும். இறந்தவர் உடலில் குளோரோபார்ம் இருந்ததா என்று கண்டறிய, ஆவியைச் செந்தணலாகக் காய்ச்சிய கண்ணாடிக் குழாய் வழியே செலுத்திச் சிதைத்து, பின்பு வெள்ளி நைட்ரேட்டில் விடும் முறையை ஸ்நோ காலத்திலேயே கையாண்டனர். அது உண்டா இல்லையா என்று சொல்லும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லாது.

பாரிசில் மாரிஸ் நிக்லூ 1906-இல் இதை நல்ல அளவீட்டு முறையாக்கினார். குருதியை ஆல்கஹாலோடு காய்ச்சி வடித்து, வடிநீரை ஆல்கஹால் கலந்த பொட்டாஷோடு கொதிக்க வைத்தால் குளோரோபார்ம் சிதைந்து குளோரைடு உண்டாகிறது. அதைப் பருமனறி பகுப்பாய்வில் அளந்துவிடலாம். நாய்களில் ஆழ்ந்த மயக்கத்தின்போது 100 கன செ.மீ. குருதியில் சுமார் 50 மில்லிகிராம். சாவின்போது சுமார் 60 முதல் 70 வரை. ஸ்நோ அஞ்சிய குறுகிய இடைவெளி இப்போது நேரடி அளவீட்டிலும் தெரிந்தது. அளவு மிஞ்சுவதே ஆபத்து என்ற ஐதராபாத் கூற்றுக்கு இறுதியில் எண் கிடைத்தது என்றும் சொல்லலாம்.

ஆனால் புதிர் முழுவதும் தீரவில்லை. ஹன்னா கிரீனர் அளவு மிஞ்சியா இறந்தாள்? சில நிமிடங்களில், இலேசான மயக்கத்திலேயே இறந்தவர்கள் பலர். லண்டனில் கூட்மன் லெவி 1911-இல் விடை கண்டார். இலேசாக மயங்கிய பூனைக்குச் சிறிது அட்ரினலின் செலுத்தினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் புழுக்கூட்டம்போல் நெளிந்து நின்றுவிடுகின்றன. அச்சத்தில் உடலே அட்ரினலினைச் சுரக்கும் என்பதை நாம் அறிவோம். ஆக, பயந்த நோயாளிக்கு அரைகுறையாக மருந்து கொடுப்பதும் ஆபத்து; அளவு மிஞ்சுவதும் ஆபத்து. இருதரப்பும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு அறுபது ஆண்டுகள் சண்டையிட்டிருக்கிறார்கள்.

கரைவதா, தள்ளுவதா?

குருதியில் மருந்து மிகுதியாக இருந்தால் மயக்கமும் மிகுதி என்று எண்ணத் தோன்றும். ஒரே மருந்தைப் பொறுத்தவரை அது சரி. இரு மருந்துகளை ஒப்பிட்டால் தவறு. நூறு பேரில் ஐம்பது பேர் கத்தி பட்டும் அசையாமலிருக்கத் தேவையான நுரையீரல் செறிவை 1960-களில் ஈகர் முதலியோர் ஓர் அளவுகோலாக வகுத்தனர். ஹாலோத்தேனுக்கு அது 0.75 சதவீதம், ஈதருக்கு 1.92 சதவீதம். அந்நிலையில் குருதியில் கரைந்துள்ள எடையைக் கணக்கிட்டால், 100 கன செ.மீ. குருதியில் ஹாலோத்தேன் சுமார் 14 மில்லிகிராம். ஈதர் சுமார் 67 மில்லிகிராம். மயக்கம் ஒன்றே, எடை ஐந்து மடங்கு.

காரணம், கரைதிறன். கோலி சோடாவைத் திறக்கும்போது வாயு பொங்குவது எதனால்? கரைந்த வாயு வெளியேறத் தள்ளும் அழுத்தம், வெளியிலுள்ள அழுத்தத்தைவிட மிகுந்திருப்பதால். மருந்து குருதியிலிருந்து மூளைக்குள் போவதும் இந்தத் தள்ளும் அழுத்தத்தால்தான். இதனைப் பகுதி அழுத்தம் என்கிறோம். ஒரு பங்கு காற்றில் உள்ளதைப் போல் 12 மடங்கு ஈதர் அதே கொள்ளளவுள்ள குருதியில் கரைந்திருக்கும், ஹாலோத்தேன் 2.4 மடங்கு, இன்று பரவலாகப் பயன்படும் செவோஃபுளூரேன் 0.65 மடங்கு மட்டுமே. ஈதருக்குக் குருதி ஒரு பெரிய ஏரி. எவ்வளவு கொட்டினாலும் நீர்மட்டம் மெல்லத்தான் உயரும். செவோஃபுளூரேனுக்கு அது சிறு தொட்டி. சட்டென்று நிறைகிறது, சட்டென்று வடிகிறது. அதனால்தான் ஈதர் கொடுக்கப்பட்டவர் மணிக்கணக்கில் கிறங்கிக் கிடந்தார். இன்றைய நோயாளி சில நிமிடங்களில் கண் விழிக்கிறார். ஸ்நோ எடையில் தவறி அழுத்தத்தில் வென்றது ஏன் என்பதும் இப்போது விளங்கும். அவருடைய ஜாடி அளந்தது நீர்மட்டத்தை.

இரண்டு முறை குலுக்கினால் போதும்

வாயு குரோமட்டோகிராஃபி என்னும் முறையை ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் 1952-இல் வெளியிட்டனர். நீண்ட, மெல்லிய குழாயில் ஏதேனும் பொருள் பூசப்பட்டிருக்கும். ஹீலியம் போன்ற வாயு ஓடிக்கொண்டேயிருக்கும். அதில் ஆவிக்கலவையைச் சிறிது செலுத்தினால், ஒவ்வோர் ஆவியும் குழாயில் ஒட்டிப் பிரிந்து ஒட்டிப் பிரிந்து, தனக்குரிய நேரத்தில் வெளியேறும். வெளியேறும்போது கருவி வரையும் முகட்டின் பரப்பு அதன் அளவைத் தரும். 1957-இல் லவ்லாக் அமைத்த எலெக்ட்ரான் கவர் உணர்கருவி, குளோரின், புரோமின் அணுக்கள் கொண்ட ஆவிகளை மிக நுண்ணிய அளவிலும் காட்டிக்கொடுத்தது. ஹாலோத்தேனில் இரண்டும் இருக்கின்றன. 1960-களிலிருந்து குருதியில் மயக்க மருந்தை அளக்க இம்முறையே நிலைத்தது.

ஆனால் குருதியை அப்படியே குழாயில் செலுத்தினால் புரதம் கருகிக் குழாய் அடைபடும். இதற்குக் கண்ட வழி அழகானது. மூடிய புட்டியில் குருதியையும் அதே கொள்ளளவு காற்றையும் வைத்து 37 டிகிரியில் நன்றாகக் குலுக்குங்கள். ஹாலோத்தேன் இரண்டுக்கும் பங்காகப் பிரிகிறது. காற்றில் 1 பங்கு என்றால் குருதியில் 2.4 பங்கு. காற்றை மட்டும் எடுத்து அளந்து, 3.4-ஆல் பெருக்கினால் முதலில் இருந்த மொத்தம் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். 2.4 என்பது எல்லாருடைய குருதிக்கும் பொதுவல்ல. சிவப்பணு குறைந்தவர், சாப்பிட்டதால் கொழுப்பு மிகுந்தவர் ஆகியோரின் குருதியில் அது மாறும். ஆகவே அந்தக் காற்றை முற்றிலும் அகற்றி, புதிய காற்றை விட்டு மறுபடி குலுக்குங்கள். மீதியுள்ள 2.4 பங்கு மீண்டும் அதே விகிதத்தில் பிரிய, காற்றில் 0.706 பங்கு வரும். இரண்டாம் அளவை முதல் அளவால் வகுத்தால் 0.706. மூன்றாம், நான்காம் முறை குலுக்கினாலும் இதே விகிதத்தில்தான் குறைந்துகொண்டே போகும். அதாவது இது ஒரு முடிவிலாப் பெருக்குத் தொடர். அதன் கூட்டுத்தொகை, முதல் உறுப்பை 1-க்கும் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் வரும்: 1-ஐ 0.294-ஆல் வகுக்க, 3.4. கரைதிறனை முன்கூட்டி அறியவே தேவையில்லை! யாருடைய குருதியானாலும் இரண்டு அளவீடுகள் போதும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் இப்படி ஒரு குருதிப் புட்டிக்குள் கிடப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதல்ல.

குருதியில் மயக்க வாயுவை அளப்பதால் வேறொரு பெரும்பயனும் கிட்டியது. அமெரிக்காவில் கெட்டியும் ஷ்மிட்டும் 1940-களில், தன்னார்வலர்களை 15 சதவீத நைட்ரஸ் ஆக்சைடைப் பத்து நிமிடம் சுவாசிக்கச் செய்து, மூளைக்குப் போகும் குருதியிலும் திரும்பிவரும் குருதியிலும் அதன் அளவைக் கண்டனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, 100 கிராம் மூளைக்கு நிமிடந்தோறும் சுமார் 54 கன செ.மீ. குருதி பாய்கிறது என்று கணித்தனர். மனித மூளையின் குருதியோட்டத்துக்கு நம்பத்தக்க எண் கிடைத்தது இவ்வாறுதான்.

இன்று எங்கள் கோவிலம்பாக்கம் வழியே செல்லும் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையோரத்து மருத்துவமனைகளிலும், ஒரு குழந்தைக்குக் குடலிறக்க அறுவை நடக்கும்போது, அதன் குருதியைக் குத்தி எடுத்து மயக்க மருந்தை அளப்பதில்லை. மூச்சுக் குழாயோடு இணைந்த கருவி, வெளிவிடும் காற்றின் வழியே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துகிறது. ஒவ்வொரு மருந்தும் குறிப்பிட்ட அலைநீளத்தில் கதிரை உறிஞ்சுவதால், மூச்சு முடியும் தறுவாயில் வரும் காற்றில் எத்தனை சதவீதம் என்பது உடனே திரையில் எண்ணாகத் தெரிகிறது. மூச்சின் கடைசிப் பகுதி நுரையீரலின் நுண்ணறைகளிலிருந்து வருவது. நுண்ணறைக் காற்று குருதியோடு சமநிலையை நெருங்கியிருப்பது. ஸ்நோவின் ஜாடிதான் இது, மூச்சுக்கு மூச்சு படித்துச் சொல்கிறது.

நெருங்கியிருப்பது என்று சொன்னேனே தவிர, சமநிலையில் இருப்பது என்று சொல்லவில்லை. நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிக் காற்றேறாமல் கிடந்தால், அதன் வழியே வரும் குருதி மருந்தைப் பெறாமலே தமனிக்குப் போய்ச் சேர்கிறது. திரையில் காணும் எண்ணைவிடத் தமனியில் பகுதி அழுத்தம் குறைவாகிவிடும். முதியவர்களிடத்தும் நுரையீரல் நோயாளிகளிடத்தும் இந்த வேறுபாடு எவ்வளவு என்று ஆராய்பவர்கள் இன்றும் குருதியை எடுத்துத்தான் தீரவேண்டும். ஐயத்துக்கிடமான சாவை ஆராயும் தடயவியல் அறிஞர்களும் அவ்வாறே. அப்போது மாதிரியைக் கண்ணாடி ஊசிக்குழலில் ஒரு காற்றுக் குமிழியும் இல்லாமல் எடுக்கிறார்கள். குமிழி இருந்தால் மருந்தில் ஒரு பங்கு அதற்குள் போய்விடும். சாதாரண ரப்பர் மூடியும் ஆகாது; ஹாலோத்தேன் குருதியைவிட ரப்பரில் பல மடங்கு மிகுதியாகக் கரைவதால், சோதனைச்சாலையை அடையுமுன் மூடியே மருந்தைக் குடித்துவிடும்.